வண்டு முட்டையில் காணாமல் போன கோடுகள்

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். மாவு வண்டின் கருவை அதன் அடியில் வைத்துவிட்டால் போதும், அதுவே படம் எடுத்து, உடம்பில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுமாம். அங்கே முன்பு ஆராய்ச்சி மாணவியாக இருந்த கவிதா போனில் சொன்னாள். நான் இருபது வருஷம் கழுத்தை வளைத்து எண்ணியதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறது.

"உங்களுக்கு வருத்தமா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கண்ணு வருத்தம்? எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அந்த மிசினுக்குக் கழுத்தே இல்லியே, நல்லா இருக்கட்டும்" என்றேன்.

கவிதா இப்போது வேறொரு கல்லூரியில் ஆசிரியை. அவளிடம் படிக்கிற பிள்ளைகள், ஆராய்ச்சி என்றால் முதல் நாள் கேள்வி கேட்டு, மறுநாள் பதில் வந்து, மூன்றாம் நாள் கட்டுரை எழுதுவது என்று நினைக்கிறார்களாம். நம் கதையை எழுதிக் கொடுங்கள் என்றாள். எங்கள் ஆய்வகப் பேராசிரியரான சாரிடம் கேட்டேன். "எழுதுங்க அம்மிணி, ஆனா என்னைய ரொம்ப ஒல்லியா காட்டாதீங்க" என்றார். அவர் ஒல்லிதான். அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் பழனியம்மாள். ஊர் குமாரபாளையம். விலங்கியல் படித்துவிட்டு, சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருஷத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பாட்டில் கழுவினேன். மாணவர்கள் உடைத்ததைக் கூட்டினேன். சாயங்காலம் பார்மலின் வாசனையோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் எப்போதும் விசாலமாக உட்கார்ந்து ஊருக்குப் போனேன்.

அப்புறம்தான் பேராசிரியர் சென்னியப்பன் சார் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். பெரியவர், சின்னவர், மாணவர், வாட்ச்மேன் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வந்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போயி வண்டு விழுந்த மாவா பாத்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க" என்றார்.

நல்ல மாவு வாங்கி வரச் சொன்னால் எந்தக் கடைக்கும் போகலாம். கெட்ட மாவை எப்படிக் கேட்பது? கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு ஒரு மளிகை மொத்தக் கடையில் போய் நின்றேன்.

"வண்டு விழுந்த மாவு இருக்குங்களா?"

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "எந்த ஆபீசும்மா நீங்க?"

"ஆபீசு இல்லீங்க, காலேஜு."

"காலேஜா, கார்ப்பரேசனா? எங்க கடையில வண்டே கிடையாதும்மா. எங்கப்பா காலத்துல இருந்து கிடையாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தராசுத் தட்டின் மேல் ஒன்று மெல்ல நடந்து போனது. செம்பழுப்பு நிறம், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. சார் சொன்ன அதே வண்டு. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். இரண்டு பேரும் பார்க்காதது போலவே நின்றோம். நான் வெறுங்கையோடு திரும்பினேன். கடைசியில் நாமக்கல்லில் கோழித் தீவன மில்லில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன்தான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வண்டு கொடுத்தான். "இது போதுமாக்கா, மூட்டையா கட்டட்டுமா?" என்று வேறு கேட்டான். அந்தப் பாட்டிலில் வந்தவற்றின் வம்சம் இன்றைக்கும் எங்கள் ஆய்வகத்தில் சௌக்கியமாக இருக்கிறது.

வண்டை வைத்து என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். பூச்சியின் உடம்பு வளையம் வளையமாக அமைந்தது. முட்டைக்குள் ஒரு சொட்டு வெண்மையாக இருக்கிற கரு, எந்த இடத்தில் ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? அதுதான் சாரின் கேள்வி. உடம்பின் எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. சில மரபணுக்கள் வளையத்துக்கு ஒரு கோடாக, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும். அந்த இடத்தில் மட்டும் ஊதா நிறம் ஏறுகிற மாதிரி ஒரு சாயமுறை உண்டு. சாயம் ஏறினால் கரு முழுக்க வரி வரியாகத் தெரியும். பழ ஈயின் முட்டையில் இந்தக் கோடுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுந்துவிடும். வண்டுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. முன்பக்கத்தை முதலில் முடித்துக்கொண்டு, வால் பக்கம் வளர வளர ஒவ்வொரு கோடாகப் போடும்.

வேலை முறை இப்படி. மதியம் இரண்டு மணிக்கு வண்டுகளைப் புது மாவில் விட வேண்டும். ஐந்து மணிக்குச் சலிக்க வேண்டும். முதலில் பெரிய கண் சல்லடை: வண்டு மேலே நிற்கும், மாவும் முட்டையும் இறங்கும். அடுத்தது சின்னக் கண் சல்லடை: மாவு இறங்கும், முட்டை நிற்கும். முட்டை ஒவ்வொன்றும் மாவைப் பூசிக்கொண்டு குறுணை மாதிரி இருக்கும். அதைத் தட்டில் எடுத்து, முப்பது டிகிரி வைத்த இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எடுத்து, பிளீச்சில் கழுவி மேலோட்டைக் கரைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் முட்டையும் சேர்ந்து கரைந்துவிடும். பிறகு பார்மலின், பிறகு மெத்தனால். இதற்கெல்லாம் அடங்காமல் கருவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் சாயம் உள்ளே போகாது. ஊசி மாட்டிய சிரிஞ்சில் முட்டைகளை உறிஞ்சிப் பீய்ச்ச வேண்டும். மெதுவாகப் பீய்ச்சினால் சவ்வு கழலாது. வேகமாகப் பீய்ச்சினால் கரு இரண்டாகப் போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேகத்தை என் கட்டைவிரல் கற்றுக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆனது.

இத்தனைக்கும் சார் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "நேரம்?" நான் மணி சொல்ல வேண்டும், அவர் நோட்டில் எழுதுவார். பிளீச்சில் போட்டால் நேரம், எடுத்தால் நேரம், மூடி திறந்தால் நேரம். என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். தாலி கட்டியதும் எல்லாரும் அட்சதை போட்டார்கள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம், "எட்டு நாப்பத்தி மூணுங்க" என்றார்.

எதையும் சரி என்று சொல்ல மாட்டார். எவ்வளவு அழகாகக் கோடு விழுந்திருந்தாலும் "இருக்கட்டுங்க, பாக்கலாம்" என்பார். ஆய்வகக் கதவில் அவர் கையால் எழுதி ஒட்டியிருந்த விதிகள் பதினொன்று. சோதனை முட்டைகள் மேல் தட்டில், ஒப்பிட்டுப் பார்க்கும் முட்டைகள் கீழ்த் தட்டில், ஒருபோதும் மாற்றக் கூடாது என்பது நான்காம் விதி. தின்பண்டம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது ஏழாம் விதி. ஒரு தடவை கவிதா துப்பட்டா முனையில் முடிந்திருந்த கடலை மிட்டாயைக்கூட வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

கவிதா வாழப்பாடிக்காரி. மரவள்ளி போடுகிற குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாக முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். அவள் எடுத்துக்கொண்டது யாரும் அதிகம் கவனிக்காத ஒரு மரபணு. அது கோடு போடுகிற வேலையில் சேருமா சேராதா என்பது கேள்வி. தாய் வண்டுக்கு, மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவோம். அது அந்த ஒரு மரபணுவை மட்டும் வாய் பேச விடாது. அந்தத் தாய் இடுகிற முட்டைகளிலும் அது மௌனமாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில தாய்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி.

இரண்டாம் வருஷக் கடைசியில் முடிவு வரத் தொடங்கியது. உப்புநீர்த் தாயின் முட்டைகளில் எல்லாக் கோடுகளும் ஒழுங்காக இருந்தன. மருந்துத் தாயின் முட்டைகளில் முன்பக்கம் சரியாக இருந்தது. நெஞ்சு முடிந்து வயிறு தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு இல்லை. சிலதில் இரண்டு கோடு ஒன்றோடு ஒன்று அப்பிக்கிடந்தது. அதற்குப் பின்னால் மறுபடியும் சரி.

சார் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. கவிதா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இருக்கட்டுங்க..." என்று தொடங்கினார். 'பாக்கலாம்' வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் ஆய்வகத்தில் அதுதான் பட்டாசு வெடித்த மாதிரி.

ஒரு வருஷம் அதையே திரும்பத் திரும்பச் செய்தோம். கோடு எண்ணுவது என் வேலை. எண்ணி எண்ணித்தான் எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. செவ்வாய், புதன், வெள்ளிகளில் எடுத்த கருக்களில் கோடு காணாமல் போயிருந்தது. வியாழக்கிழமை எடுத்தவை மட்டும் மருந்துத் தாயின் முட்டையானாலும் சமர்த்தாக இருந்தன.

"வியாழக்கிழமை குரு நாளாக்கா, அதான் வண்டுக்கும் புத்தி வந்திருக்கும்" என்றாள் கவிதா. சிரித்தோம். ஆனால் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய எல்லா வியாழனும் அப்படித்தான். ஊசி மருந்துக்குக் கிழமை தெரியுமா?

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். நான்காம் விதியை மீறினேன். சோதனைத் தட்டைக் கீழேயும், உப்புநீர்த் தட்டை மேலேயும் மாற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயம் ஏறி முடிந்த அன்றைக்கு லென்ஸில் பார்த்தேன். ஒரு மருந்தும் காணாத, வெறும் உப்புநீர்த் தாயின் பிள்ளைகளுக்கு நடு வயிற்றில் கோடு இல்லை. மருந்துத் தாயின் பிள்ளைகள் கோடு குறையாமல் இருந்தன.

கோடு போனது மருந்தால் இல்லை, மேல் தட்டால்.

கவிதாவைக் கூப்பிட்டு, தட்டு மாற்றியதைச் சொல்லிக் காட்டினேன். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "லேபிள் எதுவும் மாறிப்போச்சாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார் பேப்பர் எழுதிக்கிட்டு இருக்காருக்கா. எங்கப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வைகாசின்னு சொல்லிட்டாரு. படிப்பு முடிஞ்சாதான் கல்யாணம்னு நான்தான் அடம் புடிச்சு மூணு வருசம் வாங்குனேன். இப்ப போயி ஒண்ணுமே இல்லன்னு சொல்லவா?"

"முதல்ல அந்த மேல் தட்டுல என்ன நடக்குதுன்னு பாப்போம் சாமி. அப்பறம் அழுவலாம்" என்றேன்.

வழக்கமாக நான் ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே போனேன். வாட்ச்மேன் வீட்டில் சண்டையா என்று கேட்டார். ஆய்வகத்தில் சல்லடைகளைக் கழுவுகிற சாக்கில் தொட்டி ஓரமாக நின்றேன்.

எட்டரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சார் உள்ளே வந்தார். கையில் துண்டு சுற்றிய எவர்சில்வர் கேரியர். நேராக இன்குபேட்டருக்குப் போனார். கதவைத் திறந்தார். மேல் தட்டில் இருந்த முட்டைத் தட்டுகளை ஒற்றை விரலால் பதமாக ஓரம் தள்ளினார். துண்டை அவிழ்த்து, ஆவி பறக்கிற கேரியரை அதன் பக்கத்தில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. அடுக்களையில் வெல்லம் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை முகம், ஐம்பத்தைந்து வயதில்.

"அம்மிணி... ஆப்பரேசனுக்கு அப்பறம் டாக்டரு ஆறுனது சாப்பிடக் கூடாதுன்னுட்டாருங்க" என்றார். இரண்டாம் வருஷக் கடைசியில், கோடு காணாமல் போகத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "ஊட்ல கஞ்சி குடுத்துடறாங்க. எட்டரைக்குக் கிளாஸ். முடிச்சுட்டு ஒம்பதரைக்கு வந்து எடுத்துக் குடிச்சுக்குவேன். ஏழாம் விதி எனக்கும் உண்டுதானுங்க. தப்புத்தான். கவிதா கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அவர் கவலைப்பட்டது ஏழாம் விதிக்காக. வியாழக்கிழமை அவருக்குக் காலை வகுப்பு கிடையாது, வந்ததுமே அறையில் உட்கார்ந்து குடித்துவிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை எப்படிச் சொல்வது? மேசை மேல் இருந்த தெர்மாமீட்டரை எடுத்தேன். இன்குபேட்டரைத் திறந்து, கேரியருக்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவில் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"என்னங்க அம்மிணி பண்றீங்க?"

"கொஞ்சம் இருங்க சார்."

இரண்டு பேரும் நின்றோம். வெளியே மாணவர்கள் வகுப்புக்குப் போகிற சத்தம் கேட்டது. சார் நகரவில்லை. பத்து நிமிஷம் கழித்து நானே திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்திரண்டு.

நான் தட்டு மாற்றி வைத்ததைச் சொன்னேன். வியாழக்கிழமைகளைச் சொன்னேன். சார் கேரியரை எடுத்து வெளியே வராந்தாத் திண்டில் வைத்துவிட்டு வந்து, நோட்டுகளைக் கேட்டார். அன்றைக்கு எனக்குத் தெரிந்து முதன்முதலாக வகுப்புக்குப் போகவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கிழமையைப் பார்த்துப் பார்த்து மதியம் வரை உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறிப்போனது. குடிக்கவும் இல்லை.

கவிதா வந்ததும் அவரே எழுந்து நின்றார். "கவிதா, உங்க மூணு வருசத்துல ஒரு வருசத்த நான் கஞ்சியில போட்டுட்டேனுங்க" என்றார். எழுதி வைத்திருந்த கட்டுரையை அவள் கண் முன்னாலேயே கிழித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. சார் அந்த இரண்டு நாளும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிளாஸ்க் வாங்கி வந்து அவர் அறையில் வைத்தேன். நன்றி சொன்னார், திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கவிதா வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேராக சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், காலைல எட்டரைக்குச் சூடு பட்டா நடுக்கோடு போவுது. சரி. விடியக்காலம் அஞ்சு மணிக்கே பட்டிருந்தா எந்தக் கோடு போயிருக்கும்?"

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டு ஒவ்வொண்ணாத்தானே சார் கோடு போடுது? அப்ப எந்தக் கோடு கெட்டிருக்குன்னு பாத்தா, சூடு பட்ட நேரத்துல அது எங்க நின்னு வேலை செஞ்சுதுன்னு தெரியும்ல?"

நான் சாரைப் பார்த்தேன். 'பாக்கலாம்' என்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, "சரிங்க" என்றார். அதைத்தான் அத்தனை வருஷத்தில் நான் அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டேன்.

கேரியருக்குப் பதில் ஒழுங்கான வெந்நீர்த் தொட்டி வந்தது. முட்டைகளை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகுதியாகச் சூடு காட்டினோம். இளைய முட்டைக்குச் சூடு பட்டால் முன்பக்கக் கோடு கெட்டது. மூத்த முட்டைக்குப் பட்டால் பின்பக்கக் கோடு கெட்டது. மணி நகர நகரக் காணாமல் போகிற கோடும் வாலை நோக்கி நகர்ந்தது. வண்டு எந்த மணிக்கு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று அதன் நேரக்கணக்கை நாங்கள் படித்துவிட்டோம். அந்த மரபணு கோடு போடுவதில் சேராது என்பதும் தெளிவானது. அதையும் ஒரு அத்தியாயமாக எழுதினாள். வைகாசி போய்த் தை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

வாய்மொழித் தேர்வு நாளில் அரங்கு நிறைந்திருந்தது. கவிதாவின் அப்பா வெள்ளை வேட்டியில், ஒன்றும் புரியாமல், ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கெல்லாம் அங்கே பேச வேலை கிடையாது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஆய்வேட்டைப் புரட்டியபடி, "சூடு காட்டிப் பார்க்கலாம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? எங்கே படிச்சீங்க?" என்றார்.

கவிதா சாரைப் பார்த்தாள். பொய் சொல்லவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் மனசில்லாமல் நின்றாள். எங்கள் மூன்று பேரைத் தவிர அந்த அரங்கில் யாருக்கும் விஷயம் தெரியாது. முதல்வர், மற்றத் துறைத் தலைவர்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். படித்த புத்தகம் ஒன்றின் பெயரைச் சொன்னால் முடிந்துவிடும்.

சார் எழுந்தார்.

"படிக்கலீங்க. என்ற கஞ்சிக் கேரியர இன்குபேட்டர்ல வெச்சுட்டேனுங்க. ஒரு வருசம் வெச்சேன். அதுல வந்த சூடு."

அரங்கில் சிரிப்பு வெடித்தது. முதல்வர்கூடச் சிரித்தார். தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைச்சவரே கண்டுபிடிச்சதுதான் பெரிய விஷயம் சார்" என்றார்.

"நான் வெச்சது மட்டுந்தானுங்க" என்றார் சார். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, கடைசி வரிசைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "கண்டுபிடிச்சது அவங்க. அம்மிணி, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்றேன்.